பழைய மின்மோட்டார் வண்டியும் அதன் மின்கலவடுக்கின் மூப்பும்

தெமட்டகொடையை அடுத்துள்ள பஞ்சிகாவத்தை மோட்டார் உதிரிப்பாக வாணிகத்திற்குப் பெயர்பெற்ற இடமாகும். பழைய வண்டி வாங்கக் கருதுவோர் தொழில் பழகிய ஒருவரைத் துணைக்கொண்டு சென்று பார்ப்பதே இப்பகுதியில் வழக்கம். அவர் எஞ்சினை இயக்கி அதன் ஒலியைக் கேட்பர். புகையின் நிறத்தை நோக்குவர். பெற்றோல் எஞ்சினின் தேய்வு கண்ணுக்கும் செவிக்கும் புலனாவது. மின்சாரத்தால் இயங்கும் வண்டிக்கோ இம்முறை பயன்படாது. அதன் மூப்பு மின்கலவடுக்கினுள்ளே ஓசையின்றி நிகழ்வது. அம்மூப்பு எதனால் விளைகின்றது, அதனை அறியும் வழி யாது என்பன ஈண்டு ஆராயற்பாலன.

நிசான் நிறுவனத்தின் 'லீப்' என்னும் மின்வண்டி 2010 ஆம் ஆண்டு டிசெம்பரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. மின்வண்டிகளுக்கு இறக்குமதி வரி குறைவாயிருந்த 2014, 2015 ஆம் ஆண்டுகளில், யப்பானில் ஓடிய இவ்வண்டிகள் பல இலங்கைக்கு வந்து சேர்ந்தன. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட காலத்தில் நாட்டிலிருந்த பழைய வண்டிகளின் விலை பெரிதும் உயர்ந்தது. அன்று வந்த லீப் வண்டிகள் இன்று பத்தாண்டைக் கடந்தவை. ஒரு குடும்பம் பல்லாண்டு சேமித்த பொருளை இத்தகைய வண்டியொன்றில் இடும்போது, வாங்குவது வண்டியை மட்டுமன்று. மின்கலவடுக்கின் எஞ்சிய ஆயுளையுமே ஆகும்.

இலிதியம் மின்கலத்தில், மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் நேர்முனையிலிருந்து காரீய முனைக்குச் செல்லும்; வண்டி ஓடும்போது மீளும். காரீயம் என்றது ஈண்டுப் பென்சிற் கரியையே. அம்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகும். மின்கலத்தைக் காப்பதும் அப்படலமே; ஆயின் அது நாடோறும் சிறிது சிறிதாகத் தடித்து, அயன்களுள் ஒரு பகுதியைத் தன்னுட் சிறைப்படுத்திவிடும். சிறைப்பட்ட அயன்கள் மீளா. அவ்வளவிற்கு மின்கலத்தின் கொள்ளளவு குறையும். வண்டி ஓடினும் நின்றாலும் இத்தாக்கம் நிகழ்வது. முழு மின்னேற்றத்துடன் நீண்டநாள் நிறுத்திவைப்பின் மேலும் விரையும்.

இதனை மிக விரைவுபடுத்துவது வெப்பமாகும். வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் பல இரசாயனத் தாக்கங்களின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது மாணவர் அறிந்த விதி. டோக்கியோவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ்; கொழும்பிலோ அது 27 பாகைக்கு மேற்பட்டது. மேலும், லீப் வண்டியின் மின்கலவடுக்கைக் குளிர்விக்கத் திரவ ஓட்டமோ விசிறியோ அமைக்கப்படவில்லை. 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வெப்பமிக்க பீனிக்ஸ் நகரத்து லீப் உரிமையாளர் பலர் கொள்ளளவு விரைந்து குன்றியதெனக் குறைகூறினர். அதன்பின் அந்நாட்டில் கொள்ளளவிற்கும் உத்தரவாதம் அளிக்கப்பட்டது. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் மின்கலமும் பின்னர் அமைக்கப்பட்டது.

எஞ்சிய கொள்ளளவைக் காட்டுவதற்கு இவ்வண்டியின் முகப்பிலே 12 சிறு கோடுகள் உள. முதற்கோடு மறையின் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்ததென்றும், அடுத்த ஒவ்வொன்றும் மறையுந்தோறும் மேலும் 6 சதவீதமளவு குறைந்ததென்றும் கொள்ளலாம். ஆகவே 8 கோடுகள் உள்ள வண்டியில் மூன்றில் இரண்டு பங்கே எஞ்சியுள்ளது. முதல் லீப் வண்டி ஒருமுறை மின்னேற்றினால் 117 கிலோமீற்றர் ஓடும் என்பது அமெரிக்க அரசின் அளவீடு. 8 கோட்டு வண்டி ஏறக்குறைய 77 கிலோமீற்றரே ஓடும். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு சென்று மீள்வதற்கே அது மட்டுமட்டாகும்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். குறைவாக ஓடியும், வெயிலில் முழு மின்னேற்றத்துடன் ஆண்டுக்கணக்காக நின்ற வண்டி, நாடோறும் அளவாக ஓடிய வண்டியினும் மூப்படைந்திருத்தல் கூடும். கோடுகளை மட்டும் நம்புவதும் தகாது; கட்டுப்பாட்டுக் கருவியை மீளமைத்துக் கோடுகளைச் சிலகாலம் நிறைத்துக் காட்டுதல் இயலும். எனவே வண்டியின் கணினியோடு கருவியொன்றை இணைத்து ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் பார்த்தல் வேண்டும். 24 கிலோவாற்று மணி அடுக்கில் 192 கலங்கள் உள. அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து 96 தொகுதிகளாய்த் தொடராக இணைக்கப்பட்டவை. ஏரிற் பூட்டிய எருதுகளுள் ஒன்று தளரின் மற்றதும் நிற்பது போல, ஒரு தொகுதி தாழின் அடுக்கு முழுவதும் அங்கேயே நின்றுவிடும். மின்னேற்றம் குறைந்த நிலையில் நோக்கினாற்றான் அத்தளர்ச்சி தெளிவாகப் புலப்படும். அதன்பின், தாம் வழக்கமாகச் செல்லும் பாதையிலேயே வண்டியை ஓட்டிப் பார்த்தல் நன்று.

சில கலங்கள் மட்டும் பழுதாயின் அவற்றை மாற்றிப் பயன்கொள்ளலாம். எல்லாம் ஒருங்கே மூத்திருப்பின் அடுக்கு முழுவதையும் மாற்றுதலே வழி. அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தபின்னரே வண்டி மலிவா அன்றா என முடிவுசெய்தல் வேண்டும். மூத்த வண்டி யாவும் தள்ளத்தக்கன என்பது இதன் கருத்தன்று. நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர் மட்டும் செல்வோர்க்கு 8 கோட்டு வண்டியும் உரிய விலைக்குக் கிடைப்பின் போதியதாகும். தம் தேவையையும் அடுக்கின் எஞ்சிய வலிமையையும் அளந்தறிந்து வாங்குவோர்க்கு நட்டமில்லை. பளபளப்பை மட்டும் கண்டு வாங்குவோர் பிறர் பயன்படுத்தித் தீர்த்த ஆயுளுக்கே விலை கொடுத்தவராவர்.