எத்தனை கிலோ இழுக்கும்?

பிரிட்டனில் விற்பனையாகும் பிக்கப் வண்டிகளின் விளம்பரங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். எஞ்சின் வேறு, கியர் பெட்டி வேறு, தயாரிக்கும் கம்பெனி வேறு. எவ்வளவு இழுக்கும் என்கிற இடத்தில் மட்டும் பேசிவைத்துக்கொண்டதுபோல் பெரும்பாலோர் 3,500 கிலோ என்றே போட்டிருப்பார்கள்.

இதற்கான காரணத்தைப் பின்னால் வரும் ட்ரெய்லரின் பிரேக்கில் தேட வேண்டும். ஐரோப்பிய விதிப்படி 3,500 கிலோ வரையுள்ள ட்ரெய்லருக்கு 'ஓவர்ரன்' வகை பிரேக் போதும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் முன்வண்டியின் வேகம் குறைகிறது; ட்ரெய்லர் தன் வேகத்திலேயே வந்து முட்டுகிறது. அந்த முட்டலில் ஏர்க்கால் முனையிலுள்ள தண்டு உள்ளே போய் ஒரு நெம்புகோலை அசைக்க, கம்பி இழுபட்டுச் சக்கரங்களில் பிரேக் பிடிக்கிறது. காற்றுக்குழாய் கிடையாது, மின்சாரமும் வேண்டாம். 3,500 கிலோவைத் தாண்டினால் இந்த எளிய ஏற்பாட்டைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. லாரிகளுக்கு இருப்பதுபோல் முன்வண்டியிலிருந்து இயக்கும் பிரேக் வேண்டும். பிக்கப்களின் எண் அங்கே வந்து நிற்பது அதனால்தான். கீழ்ப்பக்கமும் ஓர் எல்லை உண்டு. பிரேக்கே இல்லாத ட்ரெய்லர் 750 கிலோவையோ, இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதியையோ தாண்டக்கூடாது. இரண்டில் எது குறைவோ அது.

சட்டம் அனுமதித்தாலும் வண்டிக்குத் தெம்பு வேண்டுமே. ஐரோப்பாவில் அதைச் சோதிக்கும் முறை சுவாரசியமானது. ட்ரெய்லரும் லோடுமாக 12 சதவீத ஏற்றத்தில் நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். கிளட்ச் கருகாமல் கிளம்பும் எடைதான் கணக்கில் சேரும். அதனால்தான் ஒரே எஞ்சின் பூட்டிய இரண்டு வேன்களுக்கு, கியர் விகிதம் மாறினால் இழுவை எல்லையும் மாறுகிறது. அமெரிக்கர்களின் சோதனை வேறு மாதிரி. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற தர விதி, அரிசோனாவின் டேவிஸ் அணைப் பக்கத்து நெடும் ஏற்றத்தை அளவுகோலாக வைத்திருக்கிறது. கொளுத்தும் வெயில், ஏசி முழு வீச்சில், பின்னால் முழு எடை. பின் அச்சில் இரட்டைச் சக்கரம் இல்லாத பிக்கப் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். அதற்குமுன் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. டொயோட்டாதான் 2011 மாடல் வண்டிகளுக்கு முதலில் இதை ஏற்றுக்கொண்டது.

இனி கதவோரத்திலோ பானெட்டுக்குள்ளோ அடித்திருக்கும் தகட்டுக்கு வருவோம். விளம்பரத்தைவிட நான் நம்புவது இதைத்தான். நான்கு வரி இருக்கும்: வண்டி லோடோடு எவ்வளவு இருக்கலாம், வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம், முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும். முதல் வரி 3,200, இரண்டாம் வரி 6,000 என்று வைத்துக்கொள்வோம். 3,500 கிலோ ட்ரெய்லரை மாட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2,500தான். வெறும் வண்டியே 2,200 கிலோ என்றால், ஓட்டுநர், உடன் வருபவர், கருவிப்பெட்டி எல்லாம் 300 கிலோவுக்குள் அடங்க வேண்டும். ஒரு டன் ஏற்றலாம், மூன்றரை டன் இழுக்கலாம் என்று விளம்பரம் சொல்வது இரண்டுமே உண்மை. இரண்டையும் ஒருசேரச் செய்யலாம் என்று அது சொல்லவே இல்லை. இரண்டாம் வரியில் எண்ணே இல்லை, அல்லது முதல் வரியின் எண்ணே திரும்ப வந்திருக்கிறது என்றால் அந்த வண்டி எதையும் இழுக்கக்கூடாது.

வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் டோபாருக்குத் தனித் தகடு உண்டு. அதில் 'டி' என்று ஓர் எண் கிலோ நியூட்டனில் இருக்கும். முன்னும் பின்னும் இழுபடும்போதும் இடிபடும்போதும் அந்த இரும்பு தாங்கவேண்டிய விசையின் அளவு அது. வண்டியின் உச்ச எடையையும் ட்ரெய்லரின் எடையையும் டன்னில் எடுத்துப் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்க வேண்டும். 3.2 டன் பிக்கப்பும் 3.5 டன் ட்ரெய்லரும் என்றால் 16.4 வரும். 3.5 டன் வேனும் 2 டன் ட்ரெய்லரும் என்றால் 12.5. டோபாரில் பொறித்த எண் இதைவிடக் குறைவாக இருந்தால், வண்டி எவ்வளவு இழுக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கீகாரம் தருமுன் மாதிரி டோபாரைச் சோதனைச்சாலையில் 20 லட்சம் முறை இழுத்தும் தள்ளியும் பார்க்கிறார்கள். ஒரே மூச்சில் முறிவதைவிட, வருஷக்கணக்கான குலுக்கலில் வெல்டிங்கில் கீறல் விடுவதுதான் இதில் உள்ள பயம்.

அதே தகட்டில் 'எஸ்' என்றும் ஓர் எண் இருக்கும். டோபார் பந்தின்மீது ஏர்க்கால் எத்தனை கிலோ அழுத்தலாம் என்பது அது. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரமானால் மாட்டின் கழுத்தில் சுமை இறங்கும். பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பும். ட்ரெய்லரில் பின்பாரத்தின் விளைவு இன்னும் கொடுமை. வேகம் கூடும்போது வால் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒரு வேகத்துக்கு மேல் அந்த ஆட்டம் தானாக அடங்காது, ஒவ்வொரு வீச்சிலும் வளரும். முன்வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். பிரிட்டனில் கேரவன் இழுப்பவர்களுக்கு, ட்ரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம் பந்தின்மீது இருக்கட்டும் என்பார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம்.

இந்தச் சுமை வண்டியின் லோடு கணக்கில்தான் சேரும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. போதாக்குறைக்கு, பந்து பின் அச்சுக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அச்சுகளுக்கு இடையே 3.2 மீட்டர், பின் அச்சிலிருந்து பந்து வரை 1.3 மீட்டர் என்றால், பந்தில் வைத்த 150 கிலோ பின் அச்சில் 211 கிலோவாக இறங்கும். முன் அச்சு 61 கிலோ இலேசாகும். முன்சக்கரம் இழுக்கும் வேனுக்கு இது தொல்லை. ஈரப் புல்தரையிலிருந்து ட்ரெய்லரை வெளியே எடுக்கும்போது, பிடிப்பு வேண்டிய சக்கரத்தில்தான் எடை குறைந்திருக்கும்.

கட்டட வேலைக்காரர்களின் வேன் வேறொரு விதத்திலும் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் முழுக்க அலமாரியும் கருவியும் நிறைந்திருக்கும். மொத்த எடை எல்லைக்குள் இருக்கும்போதே பின் அச்சு தன் எல்லையைத் தொட்டிருக்கும். அதன்மேல் சின்னத் தோண்டும் இயந்திரம் ஏற்றிய ட்ரெய்லரையும் மாட்டுவார்கள். 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் லைசென்ஸ் உள்ளவரே 3,500 கிலோ வரை ட்ரெய்லர் இழுக்கலாம் என்று பிரிட்டனில் சட்டம் தளர்ந்ததிலிருந்து, தனித் தேர்வு எழுதாமலே இதைச் செய்ய முடிகிறது. கணக்கைச் சரிபார்க்க எடைமேடைதான் வழி. ட்ரெய்லரை மாட்டியபடியே முதலில் முன்வண்டியின் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை, பிறகு பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எடை. கிடைக்கும் சீட்டுகளைத் தகட்டின் நான்கு வரிகளோடு ஒப்பிட்டால் போதும். பெரும்பாலும் பின் அச்சின் வரிதான் முதலில் முட்டும்.