சும்மா வருமா கரண்ட்?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டிப் போகிறவர்களில் பத்துப் பேரை நிறுத்தி, ‘கரண்ட் பில்லே கட்டாமல் இருக்க ஒரு வழி சொல்லவா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் வண்டியை ஓரம் கட்டுவார்கள். பத்தாவது ஆள் ஏற்கெனவே யூடியூபில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்!

சமாசாரம் இதுதான். ஒரு பிவிசி பைப். அதன்மேல் நூற்றுக்கணக்கில் சுற்றிய செம்புக் கம்பி. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. ஸ்விட்சைப் போட்டதும், பக்கத்தில் கொண்டுபோன டியூப்லைட் ஒயரே இல்லாமல் எரிகிறது. மந்திரம் இல்லை, தந்திரம் இல்லை. நிஜமாகவே எரியும். ‘பார்த்தீங்களா, ரெசனன்ஸ்! போட்டதைவிட அதிகம் வருது’ என்று பின்னணியில் ஒரு குரல். அங்கேதான் சிக்கல்.

ரெசனன்ஸ் என்றால்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில் ஒரு விரலால் தள்ளிக்கொண்டே இருந்தால் போதும், குண்டு மாமாகூட உயரப் பறப்பார். காயிலிலும் அப்படியே. அதற்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்தில் தட்டினால் ஒன்பது வோல்ட் ஆயிரக்கணக்கில் எகிறும்.

நான் படித்தது பி.காம். எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், இது ரெக்கரிங் டெபாசிட். மாதம் நூறு போட்டு, வருஷக் கடைசியில் ஆயிரத்து இருநூறைப் பார்த்து, ‘நூறு ரூபாய் ஆயிரத்து இருநூறு ஆயிடுச்சு!’ என்று குதிக்க முடியுமா? இந்த பேங்கில் வட்டி வேறு கிடையாது. சர்வீஸ் சார்ஜ் மட்டும் உண்டு. கம்பி சூடாவது அந்தக் கணக்கில்தான்.

‘மீட்டரே அதிகம் காட்டுதே சார்?’ காட்டும். சாதாரண மல்டிமீட்டர், விநாடிக்கு 50 சைக்கிள் ஓடும் வீட்டுக் கரண்டுக்காகச் செய்தது. இந்தக் காயிலில் ஓடுவதோ லட்சக்கணக்கில். போதாக்குறைக்கு வோல்டேஜும் கரண்டும் ஒரே சமயத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. கணவன் டே ஷிப்ட், மனைவி நைட் ஷிப்ட் மாதிரி. இரண்டு பேரும் ஒரே வீடுதான், ஆனால் சந்திப்பதே இல்லை. இரண்டையும் அப்படியே பெருக்கி ‘இவ்வளவு வாட்’ என்று எழுதினால், ஆடிட்டர் சிரிப்பார்.

இந்த ஆசை நேற்று வந்ததில்லை. 12-ஆம் நூற்றாண்டிலேயே நம் பாஸ்கராச்சாரியார் தானாகச் சுற்றும் சக்கரம் பற்றி எழுதியிருக்கிறார். 1775-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம், ‘இனிமேல் நிரந்தர இயக்க மெஷின் என்று யாரும் மனு கொண்டுவர வேண்டாம்’ என்று கதவைச் சாத்திவிட்டது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில்! நம் நாட்டு 1970-ஆம் வருஷத்துப் பேட்டன்ட் சட்டமும், மூன்றாவது பிரிவின் முதல் வரியிலேயே, நிலைபெற்ற இயற்கை விதிக்கு விரோதமானது கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது.

எல்லாரும் துணைக்கு இழுப்பது நிக்கோலா டெஸ்லாவை. பாவம் அவர்! 1899-ல் கொலராடோவில் அவர் மின்னல் விட்டது உண்மை. அதற்கு மின்சாரம் உள்ளூர் மின் கம்பெனியிலிருந்து வந்தது. 1901-ல் நியூயார்க் பக்கம் கோபுரம் கட்ட ஆரம்பித்தது, கரண்டை ஒயர் இல்லாமல் அனுப்ப. சும்மா தயாரிக்க அல்ல. பணம் போட்ட மார்கன் கையை விரிக்க, 1917-ல் கோபுரத்தையே இடித்தார்கள்.

நம் நாட்டிலும் பரமஹம்ச திவாரி என்கிற அணுமின் துறை எஞ்சினீயர், போட்டதைவிட அதிகம் தரும் ஜெனரேட்டர் செய்ததாகப் பல வருஷம் சொன்னார். 2017-ல் காலமானார். அந்த ஜெனரேட்டரில் எந்த ஊரிலும் விளக்கு எரியவில்லை.

ஒயர் இல்லாமல் அனுப்பும் டெஸ்லாவின் கனவு மட்டும் பலித்தது. 2007-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரண்டு ரெசனன்ஸ் காயில் வைத்து, 2 மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரித்தார்கள். கொடுத்த சக்தியில் போய்ச் சேர்ந்தது சுமார் 40 சதவிகிதம். உலகத்துக் கெட்டிக்காரர்கள் சுற்றிய காயிலிலேயே நூற்றுக்கு அறுபது அம்போ!

அதற்காகக் காயில் சுற்றாதீர்கள் என்று சொல்லவில்லை. பேட்டரியே இல்லாமல் பாடும் கிறிஸ்டல் ரேடியோ செய்து பாருங்கள். அந்தச் சக்தி ரேடியோ ஸ்டேஷன் போடும் பிச்சை என்றாலும், கேட்க சுகம். ஆனால் பழைய மைக்ரோவேவ் அடுப்பில் கழற்றிய டிரான்ஸ்பார்மரை மட்டும் தொடாதீர்கள். அது சுமார் 2,000 வோல்ட். இரண்டாவது சான்ஸ் கிடையாது. ‘முன்பணம் கட்டுங்க, ப்ரீ எனர்ஜி மெஷின் அனுப்பறோம்’ என்பவர்களிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: ‘வர்ற கரண்டிலேயே மெஷினை ஓட்டிட்டு, பேட்டரியைக் கழற்ற முடியுமா?’ அன்றோடு போன் வராது.

நிஜமான ஓசிக் கரண்ட் மொட்டை மாடியில் காய்கிறது. ஒரு கிலோவாட் சோலார் பேனல் நம் வெயிலில் நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று 2024-ல் மத்திய அரசு திட்டம் போட்டது. ஆரோவில் சமையல் கூடத்தின் மாடியில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் வைத்து, வெயிலில் நீராவி எடுத்திருக்கிறார்கள். இதற்கும் முதல் போடத்தான் வேண்டும். ஆனால் சூரியன் பில் அனுப்புவதில்லை.

இல்லை, என் காயிலில் நிச்சயம் வரும் என்கிறீர்களா? சந்தோஷம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி எரியவிடுங்கள். விடியும்வரை எரிந்தால் சொல்லி அனுப்புங்கள். நோபல் கமிட்டிக்கு லெட்டர் நானே எழுதுகிறேன். ஸ்டாம்புச் செலவும் என்னுடையது!