வயிற்றுப் பூச்சிக்கும் டைப் 1 சர்க்கரைக்கும் என்ன தொடர்பு?

பிப்ரவரி 10 தேசிய குடற்புழு நீக்க நாள். தில்லிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து, கண்ணெதிரிலேயே மென்று விழுங்கச் சொல்கிறார்கள். பூச்சி ஒழிந்தால் நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் குடலில் புழு இருப்பவர்களுக்கு டைப் 1 சர்க்கரை வரும் வாய்ப்பு குறைவோ என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே பல ஆண்டுகளாக இருக்கிறது. அபத்தமான கேள்வி அல்ல. அதற்காக மாத்திரையைத் துப்பவும் வேண்டாம்.

தாத்தாவுக்கு அறுபது வயதில் வந்த சர்க்கரை வேறு, இது வேறு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே எதிரியாக எண்ணி அழித்துவிடுவதுதான் டைப் 1. சிறு வயதிலேயே வரக்கூடியது. வந்தால் ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசிதான். மாத்திரையோ பத்தியமோ அதற்கு ஈடாகாது.

இதில் புழு எங்கே வருகிறது? கொக்கிப்புழு போன்றவை மனித உடலில் வருடக்கணக்கில் வாழக்கூடியவை. வாடகை தராமல் குடியிருப்பவர் வீட்டுக்காரரைச் சமாதானமாக வைத்திருந்தால்தான் காலம் தள்ள முடியும். புழுவும் அப்படித்தான். எதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வாசிக்கச் சொல்லும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை அது தூண்டுகிறது. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 போன்ற பொருள்களின் அளவும் கூடுகிறது. புழு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இந்த வேலையால் பீட்டா செல்களும் தப்பிக்கலாம் என்பது ஊகம். 1999இல் கேம்பிரிட்ஜில் ஆன் குக் குழுவினர் இதை எலியில் காட்டினார்கள். தானாகவே டைப் 1 போன்ற நோய் வரும் எலி வகை ஒன்று உண்டு. அதற்கு ஷிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவைத் தொற்றவைத்தபோது சர்க்கரை வருவது தடைபட்டது.

எலிக்குப் பலிப்பதெல்லாம் மனிதனுக்குப் பலிப்பதில்லை. மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் நமக்கு நெருக்கமானது சென்னை ஆய்வு, 2010இல் வெளிவந்தது. டைப் 1 உள்ள 200 பேரைச் சோதித்ததில் ஒருவருக்குக்கூட யானைக்கால் நோய்ப் புழுவின் தொற்று இல்லை. சர்க்கரை இல்லாதவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புழு சர்க்கரையைத் தடுத்ததா, அல்லது சர்க்கரை உள்ள பிள்ளையை அடிக்கடி டாக்டரிடம் காட்டி, சுத்தமாகப் பொத்தி வளர்க்கும் வீட்டில் புழு அண்டவில்லையா? ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு இதற்குப் பதில் சொல்லாது.

இடத்துக்கு இடம் நோய் எவ்வளவு என்றும் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இளையோர் நீரிழிவுப் பதிவேடு 2006இல் தொடங்கியது. அதன் தில்லி, சென்னைத் தரவுகளை அமெரிக்காவோடு ஒப்பிட்டபோது, இங்கே 20 வயதுக்குட்பட்டவர்களில் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 5 பேருக்கு டைப் 1 புதிதாக வந்தது. அங்கே சுமார் 21 பேருக்கு. தில்லியிலிருந்து ஜி.டி. ரோடில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கர்னால் மாவட்டத்தின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. இது புதிதாக வந்தவர்களின் கணக்கு அல்ல, நோயோடு இருப்பவர்களின் கணக்கு: நகர்ப்புறங்களில் லட்சத்துக்கு 26.6 பேர், கிராமங்களில் 4.27 பேர் மட்டுமே. மண்ணில் புரண்டு விளையாடும் பிள்ளைக்கு நோய் வராது என்று உடனே சொல்லத் தோன்றும்.

எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கிராமத்தில் நோயைக் கண்டுபிடிக்காமலே இழந்த பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். இன்சுலின் கிடைக்காவிட்டால் டைப் 1 பிள்ளை நெடுநாள் தாங்காது. அதனால் 4.27 என்பதில் எவ்வளவு குறைந்த நோய், எவ்வளவு தவறிய நோயறிதல் என்று பிரிக்க முடியாது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு உதாரணம் இதைவிட வலுவானது. அங்கே குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் 1978–81இல் லட்சத்துக்கு 3.1 ஆக இருந்த நோய், 1988–90இல் 11.7 ஆனது. பத்தாண்டில் மரபணு மாறாது, சூழல்தான் மாறும். ஆனால் புழு மட்டுமா மாறியது? உணவு, வைரஸ் தொற்று, எல்லாமேதான்.

புழுவையே மருந்தாக்கியும் பார்த்தார்கள். குரோன் நோய் என்ற குடல் அழற்சிக்குப் பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளைக் குடிக்கக் கொடுத்தார்கள். சிறிய சோதனைகளில் கிடைத்த நம்பிக்கை பெரிய சோதனையில் நிலைக்கவில்லை. இனி புழு சுரக்கும் புரதங்களிலிருந்து ஏதாவது மருந்து வந்தால் உண்டு. அதுவரை, ரத்தம் குடித்துச் சோகை வரவழைக்கும் கொக்கிப்புழுவைப் பிள்ளையின் வயிற்றில் வளர்க்க ஒரு காரணமும் இல்லை.

நம் வீடுகளில் இந்த இரண்டும் சந்திக்கும் இடம் வேறொன்று. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால், “வயித்துல பூச்சி இருக்கும்” என்போம். டைப் 1இன் தொடக்கமும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். கூடவே ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைப்பது ஆகியவை இருந்தால் பூச்சி மாத்திரையோடு நிறுத்திவிடக் கூடாது. வயிற்றுவலியும் வாந்தியும் வந்து, மூச்சு வேகமாக இரைத்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள், நேரே மருத்துவமனைதான். அதற்கு முன்பே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் பார்த்துவிடலாம். இந்த அறிகுறிகளோடு சர்க்கரை 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அன்றே சேர்க்க வேண்டும். வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்று மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம்.