வாங்குவதா, காத்திருப்பதா?

மனிதர் விலை கொடுத்து வாங்கும் பொருள்கள் இருவகைப்படும். தனித்து நின்றே பயன் தருவன ஒருவகை. வேறொரு பொருளின் துணைகொண்டு பயன் தருவன மற்றொரு வகை. பாய், குடம், கோடரி போன்றவை முதல் வகையைச் சார்ந்தவை. அவற்றைச் செய்தவர் தம் தொழிலைக் கைவிட்டாலும், வாங்கியவர்க்கு அவை குறைவின்றிப் பயன்படும். விளக்கோ எண்ணெயின்றி எரியாது. பூட்டோ தனக்குரிய திறவுகோலின்றித் திறவாது. இவை இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இத்தகைய பொருளை வாங்குகின்றவர் பொருளை மட்டும் ஆராய்தல் போதாது. அதற்குத் துணையான பொருள் நாளையும் கிடைக்குமா என்பதையும் ஆராய்தல் வேண்டும். இவ்வுண்மையை, 2006 முதல் 2008 வரை அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளில் நடைபெற்ற ஒரு வணிகப் போட்டி நன்கு விளக்குகின்றது. திரைப்படங்களை மிகத் தெளிவாகக் காட்டும் இருவகை ஒளிவட்டுகளுக்கிடையே நிகழ்ந்த போட்டி அது.

ஒளிவட்டு இயங்கும் முறையை முதலில் அறிதல் நலம். வட்டின் உள்ளே, கண்ணுக்குப் புலப்படாத மிகச் சிறிய பள்ளங்கள் சுருள் வரிசையில் அமைந்துள்ளன. படமும் ஒலியும் இப்பள்ளங்களின் வடிவிலேயே பதிக்கப்படுகின்றன. கருவியினுள் வட்டு விரைந்து சுழலும்போது, லேசர் கதிர் ஒன்று அதன்மேல் பட்டு மீள்கின்றது. பள்ளத்தில் பட்டு மீளும் ஒளியும் சமதளத்தில் பட்டு மீளும் ஒளியும் தம்முள் வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கருவி உணர்ந்து, படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தருகின்றது. 1996ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி என்னும் வட்டு இம்முறையில் இயங்குவதே. அதனைப் படிக்கச் சிவப்பு நிற லேசர் பயன்பட்டது. வட்டின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் அளவுள்ள செய்தியைப் பதிக்க இயன்றது. அந்நாளைய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு அது போதுமானதாகவே இருந்தது.

பின்னர்த் தொலைக்காட்சியின் திரை அகன்றது. படத்தின் நுட்பமும் வளர்ந்தது. அமெரிக்காவில் விற்ற டிவிடியின் படம் ஒன்றில் ஏறத்தாழ 3½ இலட்சம் புள்ளிகளே இருந்தன. உயர்தெளிவுத் தொலைக்காட்சியின் முழுப் படத்திலோ 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. அத்தனை புள்ளிகளையும் குறைவின்றிக் காட்டும் திரைப்படம் பழைய வட்டில் எளிதில் அடங்கவில்லை. வட்டினைப் பெரிதாக்காமல் அதன் கொள்ளளவைப் பெருக்குவது எவ்வாறு? தடித்த முனையுள்ள எழுதுகோலால் எழுதினால் ஒரு தாளில் சில வரிகளே அடங்கும்; மெல்லிய முனையால் எழுதினால் பல வரிகள் அடங்கும். லேசர் கதிரும் அத்தகையதே. சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். நீல ஊதா லேசரின் அலைநீளம் 405 நானோமீட்டர். அலைநீளம் குறையுந்தோறும் கதிரை மேலும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். 1990களில் ஜப்பானிய அறிஞர் சுஜி நாகமுரா, நீல ஒளி தரும் குறைகடத்தி விளக்கையும் அதன் வழியே லேசரையும் உருவாக்கியமையால் இது கைகூடிற்று. நீல விளக்கினைப் படைத்த பணிக்காக அவரும் இசாமு அகசாகி, இரோசி அமானோ ஆகிய இருவரும் 2014ஆம் ஆண்டில் இயற்பியல் நோபெல் பரிசு பெற்றனர்.

நீல லேசர் ஒன்றே. அதனைக் கொண்டு எழுந்த வட்டுகளோ இரண்டு. சோனி, பிலிப்ஸ், பானசோனிக் முதலிய நிறுவனங்கள் புளூ-ரே என்னும் வட்டினை ஆதரித்தன. தோசிபா, என்.ஈ.சி. ஆகியவை எச்.டி. டிவிடி என்னும் வட்டினை முன்வைத்தன. புளூ-ரே வட்டில், செய்தி பதிந்த அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருந்தது. ஆதலின் கதிரை மிக நுண்ணிதாகக் குவித்து, ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட் பதிக்க முடிந்தது. ஆயினும் அதனைச் செய்யப் புதிய இயந்திரங்கள் தேவைப்பட்டன. எச்.டி. டிவிடியில் அவ்வாழம் பழைய டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர். அதில் ஓர் அடுக்கில் 15 ஜிகாபைட் மட்டுமே அடங்கியது. எனினும் பழைய தொழிற்சாலைகளைச் சிறிது மாற்றியமைத்தே அதனைச் செய்து விடலாம். ஒன்றுக்குக் கொள்ளளவு சிறப்பு. மற்றொன்றுக்குச் சிக்கனம் சிறப்பு. திரையில் தோன்றும் படமோ இரண்டிலும் ஏறத்தாழ ஒரே தெளிவுடையதாக இருந்தது.

இரு சாராரையும் இணைத்து ஒரே வட்டினை உருவாக்க 2005ஆம் ஆண்டில் பேச்சு நடந்தது. அது பயன் தரவில்லை. 2006ஆம் ஆண்டு ஏப்பிரலில் தோசிபாவின் கருவி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதன் விலை 499 டாலர். சூன் மாதத்தில் சாம்சங்கின் புளூ-ரே கருவி ஏறத்தாழ 1,000 டாலர் விலையில் வந்தது. ஒரு வகைக் கருவி மற்றொரு வகை வட்டினைப் படிக்காது. திரைப்பட நிறுவனங்களும் பிரிந்து நின்றன. சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ஆகியவற்றின் படங்கள் புளூ-ரேயில் மட்டும் வந்தன. யூனிவர்சல் நிறுவனத்தின் படங்கள் எச்.டி. டிவிடியில் மட்டும் வந்தன. வார்னர், பாரமவுண்ட் ஆகியவை முதலில் இரு வகையிலும் வெளியிட்டன. எந்தக் கருவியை வாங்கினாலும் சில நல்ல படங்களைக் காண இயலாத நிலை ஏற்பட்டது.

இந்நிலையில் வாங்குவோர் என் செய்வர்? சிலர் புதுமையில் வேட்கை கொண்டு ஒரு பக்கம் சார்ந்து உடனே வாங்கினர். சிலர், இரண்டையும் இயக்கும் கருவியை நாடினர். எல்.ஜி. நிறுவனம் 2007இன் தொடக்கத்தில் அத்தகைய கருவி ஒன்றை ஏறத்தாழ 1,200 டாலர் விலையில் விற்றது. அச்சமின்மைக்கு அவர்கள் கொடுத்த விலை மிகுதியே. வேறு பலர் போட்டி முடியட்டும் என்று காத்திருந்தனர். காத்திருத்தல் அறிவுடைமை போலத் தோன்றும். எனினும் அதற்கும் ஒரு விலை உண்டு. காத்திருக்கும் காலமெல்லாம் பெறக்கூடிய பயனை இழத்தல் வேண்டும். மேலும், எல்லாரும் காத்திருப்பாராயின் எந்தப் பொருளும் நிலைபெறாது.

போட்டியின் போக்கை முன்கூட்டி அறிதல் அரிதாயிற்று. 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் நிறுவனம் புளூ-ரேயைக் கைவிட்டு எச்.டி. டிவிடியின் பக்கம் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் தோசிபாவின் கருவி ஒன்று சில கடைகளில் 100 டாலருக்கும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. அதன் கையே ஓங்கியது போலத் தோன்றியது. ஆனால் 2008 சனவரி 4ஆம் நாள், வார்னர் நிறுவனம் இனிப் புளூ-ரேயில் மட்டுமே படங்களை வெளியிடப் போவதாக அறிவித்தது. தராசின் தட்டு ஒருபுறம் சாய்ந்தது. அடுத்த மாதத்தில் வால்மார்ட் போன்ற பெரிய விற்பனை நிலையங்களும் எச்.டி. டிவிடியை விலக்கின. பிப்ரவரி 19ஆம் நாள், தோசிபா தன் முயற்சியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. ஈராண்டுகள்கூட நிறைவதற்குள் போட்டி முடிவுற்றது. 2009இல் தோசிபாவே புளூ-ரே அணியிற் சேர முன்வந்தது.

இப்போட்டியில் இழந்தவர் யாவர்? தோற்ற கருவியை வாங்கியவர் அனைவரும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம்; ஆராய்ந்தால் அவ்விடை முற்றும் சரியன்று. அக்கருவி ஒரே நாளில் பழுதாகிவிடவில்லை. வாங்கிய வட்டுகளை அது முன்போலவே இயக்கியது. பழைய டிவிடிகளையும் இயக்கியது. புதிய படங்கள்தாம் அதற்கு வாராது போயின. ஆகவே, இனி வரப்போகும் படங்களை எண்ணி 499 டாலர் கொடுத்தவர் பெரிதும் ஏமாந்தார். டிவிடி பார்க்கவும் உதவும் என்று எண்ணி 100 டாலருக்குக் குறைவாகக் கொடுத்தவர் அவ்வளவாக ஏமாறவில்லை. அவ்வாறே, 2006 நவம்பரில் சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் 3 என்னும் விளையாட்டுக் கருவி புளூ-ரே வட்டுகளையும் இயக்கியது. விளையாட்டிற்காகவே அதனை வாங்கியவர்க்கு, புளூ-ரே தோற்றிருப்பினும் விளையாட்டு எஞ்சியிருக்கும். இழப்பின் அளவைத் தீர்மானித்தது எந்த வட்டு வென்றது என்பது மட்டுமன்று; எதற்காக விலை கொடுத்தனர் என்பதும் ஆகும்.

பழைய வரலாற்றைக் கொண்டு வெற்றியைக் கணித்தலும் இயலாது. 1975இல் சோனி வெளியிட்ட பீட்டாமேக்ஸ் என்னும் ஒளிநாடாவும், அடுத்த ஆண்டு ஜே.வி.சி. வெளியிட்ட வி.எச்.எஸ். நாடாவும் இவ்வாறே போட்டியிட்டன. முதலில் வந்த பீட்டாமேக்ஸ் நாடா ஒருமணி நேரம் பதிந்தது, வி.எச்.எஸ். நாடா இரண்டு மணி நேரம் பதிந்தது. இறுதியில் சோனி தோற்று, 1988இல் தானும் வி.எச்.எஸ். கருவிகளைச் செய்யத் தொடங்கியது. அன்று தோற்ற நிறுவனமே இருபது ஆண்டுகள் கழித்து வென்ற அணியில் நின்றது. அவ்வெற்றியும் நிலையானதன்று. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2007இலேயே இணையத்தின் வழியாகப் படங்களை வீட்டிற்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. வட்டுகள் இரண்டும் தம்முள் போரிட்டுக் கொண்டிருந்தபோது, வட்டே வேண்டாத வழி ஒன்று அருகில் வளர்ந்து வந்தது.

புதிய கருவிகளும் அவற்றுக்கிடையே போட்டிகளும் என்றும் தோன்றிக்கொண்டே இருக்கும். அவற்றுள் எது வெல்லும் என்று கூறுதல் வல்லுநர்க்கும் அரிது. ஆயினும் வாங்குகின்றவர் தம்மைத்தாமே வினவிக்கொள்ள வேண்டியவை மூன்று. இப்பொருள் இன்று தரும் பயன் யாது? இதற்குத் துணையானவை நின்றுபோனால் எஞ்சும் பயன் யாது? அவ்வெஞ்சிய பயனுக்கு மேல் கொடுக்கும் விலையை இழக்கத் தாங்குமா? இம்மூன்றற்கும் தெளிவான விடை கிடைத்தபின் வாங்குபவர், எந்த அணி வென்றாலும் வருந்தார். கையில் உள்ள பயனுக்கு விலை கொடுப்பது வணிகம். வருவதாகச் சொல்லப்படும் பயனுக்கு விலை கொடுப்பது பந்தயம். பந்தயம் ஆடுவோர் தாம் பந்தயம் ஆடுகின்றோம் என்பதையேனும் அறிந்திருத்தல் வேண்டும்.