சாய் லாட்ஜ் அறையிலிருந்து ஸ்கந்தபுரம் வரை

இளையராஜாவின் பாட்டுக் கேட்காத வீடு வன்னியில் இல்லை. ஆனால் அவருக்கு இசையை எழுதவும் வாசிக்கவும் படிப்பித்தவரின் பெயரைக் கேட்டால் பலர் யோசிப்பார்கள். அவர் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூர் லஸ் முனையில் சாய் லாட்ஜ் என்ற விடுதியில் ஓர் அறை. அந்த அறையில் பியானோவும் மேலைத்தேய இசையும் சொல்லிக்கொடுத்த தனி ஆசிரியர். பாடகரைத் தெரியும், பாடலாசிரியரைத் தெரியும், இசையமைப்பாளரைத் தெரியும். அந்த அறையில் பக்கத்தில் இருந்து திருத்தியவரை நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை. ஸ்கந்தபுரம் போன்ற ஊரில் இருந்துகொண்டு அவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவர் கைபட்ட இசை இங்கேயும் வந்தது, மிக மோசமான காலத்திலும் வந்தது.

ராசையா ராஜா ஆன இடம்

பண்ணைப்புரத்து ராசையா 1968இல் சென்னைக்கு வந்தபோது இசைக்குப் புதியவர் அல்ல. அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய், அரசியல் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். கேள்வி ஞானம் நிறைய இருந்தது. ஐந்து கோடுகளில் எழுதிய இசையைப் பார்த்து வாசிக்கவும், தன் மனதில் ஓடுவதை அதே கோடுகளில் எழுதவும் அவர் பழகியது தன்ராஜ் மாஸ்டரிடம்தான். பாக், பீத்தோவன் போன்றோரின் இசை அவருக்கு அறிமுகமானதும் அந்த வகுப்பில்தான். ராசையா என்ற பெயரை ‘ராஜா’ என்று சுருக்கிக் கூப்பிட்டவரும் மாஸ்டரே. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பஞ்சு அருணாசலம் அதன் முன்னால் ‘இளைய’ என்று சேர்த்தார்.

மாஸ்டரிடம் படித்த இன்னொரு பிள்ளை திலீப். தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. வீட்டுச் சுமை தோளில் விழுந்த அந்தப் பிள்ளை, சில ஆண்டுகளிலேயே இளையராஜாவின் இசைக்குழுவில் கீபோட் வாசிக்கப் போனார். ஒரே ஆசிரியரின் மாணவர்களில் ஒருவர் இசையை எழுத, மற்றவர் அதைப் பார்த்து வாசித்தார். திலீப்தான் பிறகு ஏ.ஆர். ரஹ்மான் ஆனார். வித்யாசாகரும் அதே மாஸ்டரிடம் படித்தவர்.

இந்த மூவரின் இசையும் ஒன்றைப்போல ஒன்று இல்லை. நல்ல ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். மாஸ்டர் தன் மெட்டை யார் தலையிலும் ஏற்றவில்லை. அவரவர் மெட்டை அவரவரே எழுதிக்கொள்ளும் வழியைக் காட்டினார்.

இரண்டு கைகள், இரண்டு மெட்டுகள்

பியானோ பழகும் பிள்ளையின் பக்கத்தில் சற்று நேரம் இருந்து பார்த்தால் ஆசிரியரின் வேலை என்னவென்று விளங்கும். வலது கை மட்டும் வாசிக்கும்போது பிழை வராது. இடது கை தனியே வாசித்தாலும் சரியாக வரும். இரண்டையும் சேர்க்கச் சொன்னதும் குழப்பம் தொடங்கும். ஒரு கை மற்றக் கையைப் பின்தொடரப் பார்க்கும், விரல்கள் நடுவில் நின்றுவிடும், பிள்ளை தலையை நிமிர்த்தி ஆசிரியரைப் பார்க்கும். அந்த நேரத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏசினால் பிள்ளை அந்த இடத்தைப் பயத்தோடு நினைவில் வைத்துக்கொள்ளும். “பாதி வேகத்தில், இந்த இரண்டு அடியை மட்டும்” என்று சொல்லித் தானும் கூட வாசித்தால், சில நாட்களில் இரண்டு கைகளும் தனித்தனி மனிதரைப்போல இயங்கத் தொடங்கும்.

எங்கள் கர்நாடக சங்கீதம் ஒற்றை மெட்டின் ஆழத்தில் போவது. ராகத்தின் சுரங்களை அசைத்து, வளைத்து, அவற்றின் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது. மேலைத்தேய இசை இரண்டு, மூன்று, நான்கு மெட்டுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அவை மோதாமல் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்படி செய்வது. பியானோவின் 88 கட்டைகளில் ஒரு முழு வாத்தியக் குழுவின் குரல்களையும் பத்து விரல்களால் வாசித்துப் பார்க்க முடியும். இசையமைக்க விரும்புகிறவருக்குப் பியானோ ஆசிரியர் முக்கியமாவது இதனால்தான்.

1978இல் வந்த ‘சிட்டுக்குருவி’ படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் பேருந்துப் பயணத்தில் பாடும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மெட்டுகள் ஒன்றையொன்று ஊடறுத்துப் போகின்றன. தனித்தனியே பாடினாலும் பொருள் தரும், சேர்த்துப் பாடினாலும் பொருள் தரும் விதமாக வாலி வரிகளை எழுதினார். பியானோ மாணவரின் இரண்டு கைகள் செய்யும் வேலையை அங்கே இரண்டு குரல்கள் செய்கின்றன.

சைக்கிள் டைனமோவில் வந்த வயலின்கள்

1990இல் போரோடு வடக்கில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் அகப்பட்டன. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானவர்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் வன்னிக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு கிளிநொச்சி நகரமும் கைவிட்டுப் போக, அங்கிருந்த சனமும் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் வந்து கொட்டில் போட்டது. மர நிழல்களில் வகுப்புகள் நடந்தன.

அந்த நாட்களில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு வழி இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைப் பின் சில்லில் பொருத்தி, அதிலிருந்து வயர் இழுத்து கசற் றெக்கோடருக்குக் கொடுப்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும். “டேய், விடாமல் சுத்தடா” என்று சத்தம் வரும். கை மாறும், பாட்டு மறுபடி நிமிரும்.

அப்படிக் கேட்ட பாட்டுகளில் பெரும்பாலானவை இளையராஜாவினுடையவை. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வயலின்கள் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று துரத்தும் இடங்களை எங்கள் பிள்ளைகள் வாயாலேயே பாடிக்காட்டுவார்கள். ஒருவன் மேல் மெட்டைப் பிடிப்பான், மற்றவன் கீழ் மெட்டைப் பிடிப்பான். மேலைத்தேய இசை என்று ஒரு பாடம் இருப்பதே தெரியாமல் அதன் முதல் பாடத்தை அவர்கள் படித்துவிட்டார்கள். மயிலாப்பூர் விடுதி அறையில் ஓர் ஆசிரியர் திருத்திய பயிற்சி, தடைகளைத் தாண்டி, அவர் நினைத்தும் பார்த்திராத பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருந்தது.

வாங்காத கட்டணம்

இசை வரலாற்றில் இப்படிப்பட்ட ஆசிரியர் பரம்பரைகள் உண்டு. வியன்னாவில் பத்து வயதளவில் கார்ல் செர்னி என்ற சிறுவன் பீத்தோவனிடம் படிக்கப் போனான். பீத்தோவன் தொடக்கத்தில் கொடுத்தவை வெறும் சுர வரிசைகளே. கையை எப்படி வைப்பது, பெருவிரலை எப்படி உள்ளே கொண்டுபோவது என்பதிலிருந்துதான் தொடங்கினார். அந்தச் செர்னி வளர்ந்து ஆசிரியரானபோது, ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற சிறுவனைத் தந்தை அழைத்து வந்தார். திறமை கொட்டிக் கிடந்தது, ஒழுங்கு இல்லை. செர்னி அவனை அடிப்படைப் பயிற்சிக்குத் திருப்பினார்; அவனுக்குப் படிப்பித்ததற்குப் பணம் வாங்க மறுத்தார்.

லிஸ்ட் ஐரோப்பாவின் மிகப் பெரிய பியானோ கலைஞர் ஆனார். தன் மிகக் கடினமான பியானோப் பயிற்சித் தொகுப்பைச் செர்னிக்குச் சமர்ப்பித்தார். பிற்காலத்தில் வைமார் நகரில் தன்னைத் தேடிவந்த மாணவர்களிடம் அவரும் கட்டணம் வாங்கவில்லை. விரல் பழக்கத்தோடு மனப் பழக்கமும் ஆசிரியரிடமிருந்து இறங்கி வந்தது.

எங்கள் பக்கத்திலும் அது நடந்தது. ரஹ்மான் 2008இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் இலவசமாகப் படிப்பிக்கும் ‘சன்ஷைன் ஓர்கெஸ்ட்ரா’வும் அவர் முயற்சியில் உருவானது. இளையராஜாவோ 2025 மார்ச் 8 அன்று இலண்டனில், ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தன் ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார். நோட்டு வாசிக்கப் பழகிய மாணவர், எண்பதைத் தாண்டிய வயதில், அந்த இசை பிறந்த கண்டத்துக் கலைஞர்களுக்கே நோட்டு எழுதிக் கொடுத்தார்.

எங்கள் பிள்ளைகளுக்கு யார்?

வன்னியில் பியானோ வைப்பது இலகுவான காரியம் அல்ல. இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் கொண்ட கருவி அது. வெக்கைக்கும் ஈரத்துக்கும் சுருதி கலையும், அதைச் சரிபார்க்கத் தேர்ந்த ஆள் வேண்டும். ஆனால் கீபோட் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் மாமாவோ சித்தியோ கொண்டுவந்து கொடுத்தது. அங்கே அவர்களின் பிள்ளைகள் ஆசிரியரிடம் போய் ஒவ்வொரு தரமாகப் பரீட்சை எழுதுகிறார்கள். இங்கே பல கீபோட்டுகள் உறை போட்டபடி அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன. கருவி வந்தது, படிப்பிக்கும் ஆள் வரவில்லை.

சங்கீத ஆசிரியர்கள் எங்களிடம் இல்லாமல் இல்லை. பாடசாலையில் படிப்பித்துவிட்டு, மாலையில் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் ரீச்சர்மாரை ஊருக்கு ஊர் பார்க்கலாம். கணித ரியூசனுக்கு மாதம் தவறாமல் காசு கட்டும் நாங்கள், அவர்களுக்குக் கொடுப்பதை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறோம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் முதலில் நிறுத்துவதும் அந்த வகுப்பைத்தான்.

இதை மாற்றுவது எங்கள் கையில் இருக்கிறது. சனசமூக நிலையத்தில் ஒரு மூலை போதும். அலுமாரிக்கு மேலே கிடக்கும் கீபோட்டுகளில் இரண்டை அங்கே கொண்டுவந்து வைக்கலாம். கோயிலுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகள், சனிக்கிழமைகளில் வந்து படிப்பிக்கும் ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தையும் ஏற்றுக்கொள்ளலாம். புதிய கருவி வாங்கி அனுப்புவதைவிட அது பெரிய உதவி. அந்த ஆசிரியரைத் தெரிவு செய்யும்போது எத்தனை பிள்ளைகளைப் பரீட்சையில் சித்தியடைய வைத்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளை தடுக்கி நிற்கும் இடத்தில் அவரும் கூட நிற்கிறாரா என்று ஒரு வகுப்பில் இருந்து பாருங்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள், அவருக்குரியதை நேரத்துக்குக் கொடுங்கள், ஊர்க் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி மரியாதை செய்யுங்கள். அவர் இன்று படிப்பிப்பது நாலு பிள்ளைகளுக்கு. அது எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்பதற்குத் தன்ராஜ் மாஸ்டரின் மாணவர்களே சாட்சி.