பல்லில் படிந்த கறை

தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊர்க்காரரைப் பல்லைக் கண்டே சொல்லிவிடலாம். என் பல்லிலும் அந்தப் பழுப்புக் கறை உண்டு. வெற்றிலைக் கறையென்று எண்ணிச் சிரித்த நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

காரணம் புளோரைடு. பாறைகளிலிருந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் அது மெல்லக் கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீரே இல்லையெனில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுந்தால், ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்திலேயே கறை விழுகிறது. பல்லாண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். என் பாட்டியால் நிமிர்ந்து நிற்க இயலாது.

நீரோ பளிங்குபோல் இருக்கும், நாற்றமும் இல்லை. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று அம்மா அடுப்பில் வைப்பார். காய்ச்சினால் கிருமிதான் சாகும். நீர் வற்ற வற்றப் புளோரைடின் செறிவு கூடவே செய்யும்! பிளீச்சிங் பவுடரும் இதை அசைக்காது.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. காவிரி நீர் வந்தது. அது வராத நாட்களில் மேல்நிலைத் தொட்டிக்குப் பழைய ஆழ்துளை நீரே ஏறுகிறது. குழாய் ஒன்றுதான், பார்த்து அறிய வழியில்லை. ஆகவே தண்ணீர் திறந்துவிடும் அண்ணனிடம் கேட்ட பிறகே தம்பிக்குக் குடிக்கக் குடம் பிடிக்கிறேன்.