தாத்தாவின் மோரிஸ் மைனருக்குப் புதுப் பிரேக்

பழைய காரைப் புதுப்பிக்கிறோம் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, “என்ன கலர் அடிக்கப் போறீங்க?” அடுத்தது இருக்கை உறை. அதற்கடுத்து பளபளக்கும் பம்பர். எங்கள் வீட்டு 1965 மோரிஸ் மைனர் ஈப்போவில் ஒரு பட்டறைக்குப் போய் ஒன்றரை ஆண்டாகிறது. கைப்பேசியில் படம் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். “அது ஒழுங்கா நிக்குமா?” என்று கேட்டவர் என் அம்மா மட்டும்தான். பின்னிருக்கையில் உட்காரப் போகிறவருக்குத்தானே அந்தக் கவலை வரும்!

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்த என் தாத்தா வாங்கிய கார் அது. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி, டிரெசர், பள்ளி ஆசிரியர் என்று மாதச் சம்பளக்காரர்கள் பலரின் கனவு மோரிஸ் மைனர். 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமான இதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை வடிவமைத்தவரும் அவரே. 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கும் அதிகமான மைனர்கள் தயாராகின. நம் நாட்டில் இன்னும் ஓடுகின்றன. ஆசையாக வைத்துப் பராமரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எங்களுடையது 1098 சிசி இயந்திரம் கொண்டது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்னால் 8 அங்குலம், பின்னால் 7 அங்குலம். வேகத்தைக் குறைக்க முழுக்க முழுக்க ஓட்டுநரின் கால் பலம்தான்; அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் சர்வோ கிடையாது. இதெல்லாம்கூடப் பெரிய குறையில்லை. உண்மையான குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

பிரேக் மிதியை அழுத்தினால் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெயைத் தள்ளும். முன் சக்கரத்துக்கு இரண்டிரண்டு, பின் சக்கரத்துக்கு ஒவ்வொன்று என ஆறு சிறிய சிலிண்டர்கள். அவற்றை இணைக்கும் குழாய்கள் எல்லாம் ஒரே சுற்று. எங்காவது ஓரிடத்தில் ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது கம்பிவடத்தில் இழுக்கும் ஹேண்ட்பிரேக், அதுவும் பின் சக்கரங்களுக்கு மட்டும். இன்றைய கார்களில் இரண்டு சுற்று இருக்கும்; ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த மாஸ்டர் சிலிண்டர் இருப்பது ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கம்பளத்தைத் தூக்கி, மூடியைக் கழற்ற வேண்டும். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துப் பழகிய நமக்கு யார் அதைச் செய்வார்கள்? எங்கள் காரிலிருந்து வடித்த எண்ணெய் கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. ஒரு முன் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து அசையவே இல்லை.

பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தைச் சொல்லவா வேண்டும். டோட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அது 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி வெறுமனே தரைவரை போகும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. வீட்டில் நிறுத்தியே வைத்திருக்கும் கார்களில்தான் இதை மறந்துவிடுகிறோம்.

அப்பாவின் வாதம்

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டபிறகு, முன்னால் டிஸ்க் பிரேக் போடலாம் என்றேன். நான் இயந்திரப் பொறியாளர்; கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா கணக்கைப் பார்க்கவே இல்லை.

“ஏம்மா, தாத்தா முப்பது வருஷம் இதே பிரேக்குல தாப்பாவிலேருந்து கேமரன் மலைக்கு ஏறி இறங்குனாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலயே?”

சரியான கேள்விதான். நல்ல நிலையில், முறையாகச் சரிசெய்த டிரம் பிரேக் அந்தக் காருக்குப் போதுமானது என்பதே என் கருத்தும். டயர் சாலையைப் பிடிக்கும் அளவுக்கு மேல் எந்தப் பிரேக்கும் நிறுத்தாது. ஒரே ஒரு முறை வேகமாக நிறுத்துவதில் டிரம்முக்கும் டிஸ்குக்கும் இடையே பலர் நினைக்குமளவு வித்தியாசம் இராது. வித்தியாசம் தெரிவது அடுத்தடுத்து மிதிக்கும்போது. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும், மிதி கீழே இறங்கும், பிடிமானம் குறையும். டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். திடீர் வெள்ளத்தைக் கடந்து வந்தால் டிரம்முக்குள் தண்ணீர் தங்கி, கார் ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்கில் தண்ணீர் உடனே சிதறிவிடும்.

நான் அப்பாவிடம் சொன்னது வேறு. தாத்தா ஓட்டிய நாளில் அவருக்கு முன்னால் போன காருக்கும் அதே மாதிரிப் பிரேக்தான். இன்று முன்னால் போவது ஏபிஎஸ் வைத்த மைவி. அது நின்றுவிடும், நாம் நிற்க வேண்டுமே! நாம் இடைவெளி விட்டால் அந்த இடைவெளியில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். நெடுஞ்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்குப் பதில் 100-இல் போனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. நம் கார் மாறவில்லை, சாலை மாறிவிட்டது.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை போட்டார். காரின் உடம்பில் எதையும் வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. கழற்றினால் பழையபடி ஆக வேண்டும். நியாயமான நிபந்தனை. பழைய காரில் கைவைக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்வேன்.

பட்டறையில்

எங்கள் போமன் அண்ணன் முதலில் டிஸ்கைத் தொடவில்லை. “முதல்ல ரெண்டு சுற்று ஆக்குவோம். அதுக்கப்புறந்தான் அழகெல்லாம்,” என்றார். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், டிஸ்கை விட்டுவிட்டு இதைத்தான் செய்யச் சொல்வேன். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் பழைய இடத்திலேயே தாங்கி செய்து பொருத்தினார். எண்ணெய்க் குப்பியை மட்டும் பானெட்டுக்கு அடியில் கொண்டுவந்துவிட்டதால் இனிக் கம்பளத்தைத் தூக்க வேண்டியதில்லை. பழைய சிலிண்டரைக் கழற்றியதுதான் பெரும்பாடு. அதன் போல்ட்டை வெளியே இழுக்கவிடாமல் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். புதியதைப் பூட்டும்போது போல்ட்டை எதிர்ப்பக்கமாகச் செருகினார். அடுத்து கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

இரும்புக் குழாய்களுக்குப் பதில் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாய்கள், புது ரப்பர் குழாய்கள் போட்டோம். பழைய ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். எண்ணெய் போகும், திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே இருக்கும். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுத்தார். பல பட்டறைகளில் இன்னும் ஊதித்தான் சுத்தம் செய்கிறார்கள். வேலை செய்பவரின் நுரையீரல் என்ன ஆகும்?

டிஸ்க் பூட்டுவது ஸ்பேனர் வேலை. ஒரு வார இறுதியில் முடிந்தது. நுணுக்கம் மற்ற இடங்களில். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாய்க்குள் சிறிது அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ஒரு வால்வு இருக்கும். டிஸ்குக்குப் போகும் வழியில் அதை விட்டுவைத்தால் பேட் எப்போதும் உரசும். கேலிப்பர் பழைய 14 அங்குல ரிம்மில் இடிக்கிறதா என்று பொருள் வாங்கும் முன்பே அளந்து பார்க்க வேண்டும். டிஸ்குக்கு மிதி கனக்கும். அதனால் முன் சுற்றில் ஒரு சர்வோ சேர்த்தோம். “பின்னாலயும் பெருசா போட்டுறலாமே” என்றார் அப்பா, மனம் மாறிய வேகத்தில். கூடவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும்; பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். பின்னால் அதே 7 அங்குல டிரம்தான், புது ஷூவுடன்.

வேலை தொடங்கும் முன் ஜேபிஜேயில் விசாரித்துக்கொண்டோம். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்தோம். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்தபின் இழப்பீட்டில் சிக்கல் வரலாம். இவ்வளவுக்கும் ஆன செலவு, பெயிண்ட் செலவில் பாதிகூட இல்லை.

புது பேட்டுகள் டிஸ்கோடு பழக வேண்டும். ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி குறைத்து என்று ஒரு காலை முழுக்க ஓட்டினேன். பிறகு சோதனை மையத்தில் உருளைகள் மீது ஏற்றிப் பார்த்ததில் இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இழுத்தன. எனக்கு அதுதான் நிம்மதி.

போன மாதம் ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு அப்பா இறக்கி வந்தார். வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்துக்கொண்டே வந்தார். “டிஸ்க் இருக்குதேப்பா,” என்றேன். “இருக்கட்டும்மா, தாத்தா இப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு,” என்றார். கீழே வந்ததும் சக்கரங்களுக்கு அருகே கையை நீட்டிப் பார்த்தோம். முன்னால் நல்ல சூடு, பின்னால் வெதுவெதுப்பு.

கழற்றிய டிரம்களையும் பழைய சிலிண்டரையும் கிரீஸ் தடவி, பழைய நாளிதழில் சுற்றி, அப்பா ஒரு மைலோ பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். ஹேண்ட்பிரேக் கம்பிவடம் மட்டும் இன்னும் இங்கிலாந்திலிருந்து வந்து சேரவில்லை. அதுவரை மேட்டில் நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையும் வைக்கிறோம்.